உங்கள் கைபேசி பாதுகாப்பாக உள்ளது

அந்தச் செயலியை என் கைபேசியில் போட்டது நான்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் வீட்டில் யார் யார் மீதோ எரிந்து விழுந்தேன்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. சாப்பிடும்போதோ பேசும்போதோ திடீரென்று சில விநாடிகள் அப்படியே நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ இருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடருவாள். பள்ளியிலிருந்து 'கவனம் போதாது' என்று நோட்டில் எழுதி அனுப்பினார்கள். அத்தை, அதாவது என் மாமியார், "பிள்ள யோசனைக்காரி. அவ தாத்தா இப்படித்தான் பல்லு தேய்க்கையிலே நின்னுருவாவ" என்றார். மதுரையிலிருந்து மாதம் இருமுறை எங்கள் ஊர் வண்ணார்பேட்டை மருத்துவமனைக்கு வந்து பார்க்கும் குழந்தைகள் நரம்பு மருத்துவர், மூச்சு வாங்கினால் அது வருகிறதா என்று பார்க்க, ஒரு காகிதத்தை நீட்டி அவளை வேகவேகமாக ஊதச் சொன்னார். அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்து ஊத மறுத்துவிட்டாள். "சரிம்மா, அடுத்த தடவ வீடியோ எடுத்துட்டு வாங்க. கண்ணால பாக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

எப்போது வரும் என்று தெரியாத, வந்தால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் போய்விடுகிற ஒன்றைப் படம் பிடிக்க வேண்டும். அன்றிலிருந்து கைபேசியை நான் கீழே வைத்ததே இல்லை. சோறு வடிக்கும்போதும் நைட்டிப் பையில் அது இருந்தது.

அதில்தான் ஒரு நாள் மத்தியானம், குழந்தைகள் இப்படி உறைந்துபோவது ஏன் என்று தேடிக்கொண்டிருந்தேன். திரை சிவப்பாகி, கைபேசி அதிர்ந்தது. 'உங்கள் கைபேசியில் நான்கு வைரஸ்கள்! உடனே செயல்படவும்' என்று வந்து, பக்கத்தில் விநாடிகள் குறைந்துகொண்டே போயின. நான் எம்.எஸ்ஸி. படித்தவள். வேதியியல்தான், ஆனாலும் படித்தவள். அந்த விநாடிகள் முடிந்தால் என்ன ஆகுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தது.

சென்னையில் கணினி வேலை பார்க்கும் தம்பியைக் கேட்டேன். "யக்கா, அந்தச் சிவப்புப் பக்கமே விளம்பரம்தான். மூடிட்டுப் போ. போனுக்கு ஆண்டிவைரஸ்லாம் வேண்டாம்" என்றான். பள்ளிக் குழுவில் கேட்டேன். 'கண்டிப்பாக வேண்டும்' என்று ஒரு தாய், 'போட்டால் போன் ஸ்லோ ஆகும்' என்று இன்னொரு தாய், கூப்பிய இரண்டு கைகளை மட்டும் அனுப்பி மூன்றாவது தாய். கூடங்குளத்தில் வேலை பார்க்கும் என் கணவரைப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். உள்ளே போகும்போது கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், வீட்டுக்கு வருவது சனிக்கிழமை. சாயங்காலம் கூப்பிட்டபோது, "போட்டுத்தான் வையேன். சும்மா ஒரு ஓரமாக் கெடக்கப்போவுது. கெடுதலா என்ன?" என்றார்.

கெடுதலா என்ன? பிள்ளைக்கு ஒரு தடுப்பூசியைக்கூடத் தேதி தவறவிடாதவள் நான். இலவசமாகக் கிடைத்த ஒன்றைப் போட்டேன். பச்சைக் கேடயம், நடுவில் சரி என்ற குறி. 'உங்கள் கைபேசி பாதுகாப்பாக உள்ளது.' படித்ததும் உண்மையாகவே மூச்சு சீரானது. தினமும் காலை ஜெபம் முடிந்ததும் அதைத் திறந்து ஒரு முறை பரிசோதனை ஓட்டுவது, கேஸை மூடிவிட்டோமா என்று பார்ப்பதுபோல வழக்கமாகிவிட்டது.

ஆனால் அது ஓரமாகக் கிடக்கவில்லை. 'கைபேசி சூடாகிறது.' 'குப்பைக் கோப்புகள் சேர்ந்துள்ளன.' 'யாரோ உங்களைக் கவனிக்கலாம்.' ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெரிய மஞ்சள் பொத்தான். முதல் வாரம் எல்லாவற்றையும் படித்துப் பயந்தேன். இரண்டாம் வாரம் படித்தேன். அதற்குப் பிறகு என் கட்டைவிரலே படிக்காமல் சரி, சரி என்று தட்டப் பழகிக்கொண்டது.

மகளுக்கு அது வரும்போதெல்லாம் நான் கேமராவைத் திறப்பேன். உடனே 'கேமரா பரிசோதிக்கப்படுகிறது' என்று ஒரு வட்டம் சுற்றும். பிறகு, வண்ணக் கற்களை அடுக்கும் ஏதோ விளையாட்டின் விளம்பரம். அதை மூடும் குறி எந்த மூலையில் இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் மகள், "அம்மா, இன்னும் கொஞ்சம் சீனி" என்பாள். இப்படி மூன்று தடவை தவறவிட்டேன்.

"நீ அந்தப் போனோட மல்லுக்கட்டி முடிக்கதுக்குள்ள பிள்ள தோசையத் தின்னு கையும் கழுவிட்டா" என்றார் அத்தை.

நீக்கிவிடலாம் என்று போனால், 'நிச்சயமாகவா? பாதுகாப்பை இழப்பீர்கள்' என்று கேட்டது. ஏற்கெனவே பிள்ளைக்கு என்னவோ என்று பயந்துகிடப்பவளிடம் இப்படிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? ரத்துசெய் என்பதைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. கணவர் கூடங்குளத்துக்குக் கிளம்பிப்போன பிறகு, மகள் தோசையைப் பிய்த்துச் சீனியில் தொட்டு வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். அன்று மட்டும் விளம்பரம் வரவில்லை. பதினான்கு விநாடி. கை அந்தரத்தில் நிற்கிறது, பின்னால் "பாப்பா, பாப்பா" என்று என் குரல். படம் ஆடியது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. கணவருக்கு அனுப்பிப் போகிற வழியில் பயமுறுத்த வேண்டாம், புதன்கிழமை மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்து யாருக்கும் அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். அனுப்பியிருக்க வேண்டும். அல்லது அன்றே மருத்துவமனை எண்ணுக்காவது அனுப்பியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை பதினொரு மணி இருக்கும். அத்தை சீனிஅவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் ஏரலில் இருக்கும் அத்தையின் சித்தி மகள். 'திருமண அழைப்பிதழ்' என்று ஒரு கோப்பு.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் உண்மையிலேயே கல்யாணம் வைத்திருந்தார்கள். எங்கள் கிறிஸ்தவக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, சபையார் முன்னால் மணமக்கள் பெயரை வாசித்து ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். ஏரலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அத்தைக்கு இன்னும் பத்திரிகை வரவில்லை. இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுகூட, "ரெண்டு ஓலையும் வாசிச்சாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

"அத்தை, ஏரல் சின்னத்தை பத்திரிகை அனுப்பிருக்காவ."

அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்துவந்தார். "பாத்தியா! வந்துட்டுல்லா! இப்பதான் நம்ம ஞாபகம் வந்திருக்கு அவளுக்கு. திற, திற. நம்ம பேர எங்கன போட்டிருக்கான்னு பாரு. அடியில போட்டிருந்தா நான் போவமாட்டேன்."

தட்டினேன். திறக்கவில்லை. இந்த இடத்திலிருந்து வருவதை நிறுவ அனுமதி இல்லை என்று கைபேசி சொன்னது.

"என்னமோ கேக்குது அத்தை."

"எதக் கேட்டாலும் சரின்னு குடு. பத்திரிகையப் பிரிக்காம வச்சிருந்தா அவ என்ன நினைப்பா? திறந்து பாத்தா அவளுக்குத் தெரியுமாம்லா, நீலத்துல ரெண்டு கோடு விழுமாம்."

அமைப்புகளுக்குப் போய் அனுமதி கொடுத்தேன். இது தீங்கு விளைவிக்கலாம் என்று ஒரு பக்கம் வந்தது. சரி. குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டது. சரி. அத்தனை நாளும் மஞ்சள் பொத்தானைத் தட்டிப் பழகிய அதே விரல், அதே வேகம். பத்திரிகைக்கு எதற்குக் குறுஞ்செய்தி என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அத்தை என் தோளுக்குப் பின்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றார்.

பத்திரிகை வரவில்லை. திரை ஒரு முறை வெளுத்து அடங்கியது. பிறகு மேலிருந்து பச்சைக் கேடயம் இறங்கியது. 'புதிய செயலி பரிசோதிக்கப்பட்டது. உங்கள் கைபேசி பாதுகாப்பாக உள்ளது.'

மத்தியானம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தபோது வாட்ஸ்அப் என்னை வெளியே தள்ளியிருந்தது. என் எண்ணில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அழைப்புகள் வர ஆரம்பித்தன. ஆழ்வார்திருநகரியிலிருந்து என்னோடு படித்தவள், "ஏட்டி, பத்திரிகை அனுப்பிருக்கியே, உனக்கு ரெண்டாங் கல்யாணமா? உம் மாமியாருக்குத் தெரியுமா?" என்று சிரித்தாள். "திறக்காதே" என்று கத்தினேன். "திறந்து பாத்தாச்சு, ஒண்ணும் வரல" என்றாள். அதன் பிறகு அவளும் சிரிக்கவில்லை.

அத்தை தன் பட்டன் கைபேசியில் ஏரலைக் கூப்பிட்டார். "நான் எங்க அனுப்புனேன்?" என்ற குரல் எனக்கே கேட்டது. "எம் போனு ரெண்டு நாளா கிறுக்குப் பிடிச்சுக் கெடக்கு. பத்திரிகை இன்னும் அச்சுலருந்தே வரல. வந்தா உங்களுக்கு நேர்ல கொண்டாந்து வைக்காம, போன்லயா அனுப்புவேன்?" அத்தைக்கு அதில் பாதிக் கோபம் தணிந்துவிட்டது. எனக்குத்தான் அன்றைக்கு எதுவும் தணியவில்லை.

வங்கியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் முடக்கச் சொன்னேன், நல்ல வேளை அதில் எதுவும் போகவில்லை. தம்பி சென்னையிலிருந்தே புகார் செய்து வாட்ஸ்அப் கணக்கை நிறுத்தவைத்தான். நான் சமாதானபுரத்தில் வழக்கமாகப் போகும் கைபேசிக் கடைக்கு ஓடினேன்.

கடை அண்ணாச்சி என் கையிலிருந்து வாங்கியதும் முதல் வேலையாகச் சிம்மை உருவினார், விமானப் பயன்முறையில் போட்டார்.

"பத்திரிகைன்னு திறந்தீங்களாக்கும்."

"ஆமா அண்ணாச்சி."

"போன் ரெண்டு மூணு தடவ கேட்டிருக்கும்லா?"

"கேட்டுது."

"நீங்க?"

"சரின்னு குடுத்தேன்."

சிரித்தார். "ஆண்டிவைரஸ் போட்டிருந்தேனே அண்ணாச்சி" என்றேன். எனக்கே அது பள்ளிப் பிள்ளையின் சாக்குப்போக்குபோலக் கேட்டது.

"போட்டிருக்கீங்க, பாத்தேன். அது இப்பவும் பச்சையாத்தான் காட்டுது. தங்கச்சி, போனோடவே ஒரு காவல் வருது. வெளிய உள்ள கோப்ப நிறுவ வேண்டாம்னு அதுதான் உங்களத் தடுத்துது. அதத்தான் நீங்க தள்ளிவிட்டுட்டு வந்திருக்கீங்க. அப்டேட் வந்தாப் போடுங்க, போன்லயே உள்ள செயலிக் கடையத் தவிர வேற எங்கருந்தும் ஒண்ணையும் உள்ள விடாதீங்க. முக்காவாசிப் பேருக்கு அதே போதும்."

"அப்போ ஆண்டிவைரஸே வேண்டாமா?"

"நல்லதும் இருக்கு, போடுதவங்க போடட்டும். ஆனா இது இருக்கே, இது விளம்பரம் விக்கித கடை. சும்மா சும்மா புலி வருது புலி வருதுன்னா, வரும்போது யாரு திரும்பிப் பாப்பா? சரி, கொண்டாங்க. முழுசா அழிச்சுப் புதுசா ஆக்கித் தாரேன்."

"அழிக்கவா? அதுல பிள்ளையோட வீடியோ இருக்கு அண்ணாச்சி."

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கும் பெண் பிள்ளை உண்டு, பொறுமையாகக் கேட்டார். "இணைய மேகத்துல தானா ஏறியிருக்கும், பாப்போம்" என்று தேடினார். ஏறவில்லை. என் பச்சைக் கேடயம், பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று, தான் வந்த நாளிலிருந்தே படங்கள் மேலே ஏறுவதை நிறுத்திவைத்திருந்தது. கேபிள் போட்டு எடுக்கலாமா என்றேன். "வீடியோல வைரஸ் ஒட்டாது. பெரும்பாலும். ஆனா நான் எம் மெஷின்ல இதச் சொருக மாட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க" என்றார்.

அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லோடு நான் வீட்டுக்கு வந்தேன். பிறகு இரண்டு நாள் அதோடுதான் இருந்தேன். வீடியோவை எடுக்க முயன்றால் அதோடு சேர்ந்து வேறெதுவும் போகுமோ? இணையத்தைத் திறந்து மேலே ஏற்றினால் அந்த ஐந்து நிமிடத்தில் இன்னும் யாருக்கெல்லாம் என்ன போகுமோ? அழித்துவிட்டால், அடுத்த பதினான்கு விநாடி எப்போது கிடைக்கும்?

திங்கட்கிழமை சாயங்காலமே அத்தையின் கைபேசியில் கணவர் கூப்பிட்டார். "இன்னும் அழிக்கலியா? எதுக்கு வச்சிட்டு இருக்கே? ஒரு வீடியோவுக்காகவா?"

"ஒரு வீடியோவா?" என்றேன். "மூணு வாரம் தோசைக்கல்லுகிட்ட போனைப் பிடிச்சிட்டு நின்னது நான்."

"திரும்ப எடுத்துக்கிடலாம்ல?"

"உங்களால முடிஞ்சா சனிக்கிழமை வந்து எடுங்க."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் செய் என்று சொன்ன ஒன்றை நான் செய்ய மாட்டேன் என்றது அதுவே முதல் தடவை. போனை வைத்த பிறகு, அவர் சொல்வதுதான் சரியோ என்று அரை மணி நேரம் சமையலறையில் நின்றேன். திரும்பக் கூப்பிடவில்லை.

அத்தை அந்தக் கைபேசியை எவர்சில்வர் டப்பா ஒன்றில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "பிள்ள பக்கத்துல இருக்க வேண்டாம். இருக்கித சீக்கு போதும்." அப்படியெல்லாம் பிள்ளைக்கு ஒட்டாது அத்தை என்று விளக்கினேன். செவ்வாய்க்கிழமை, அணைத்துத்தான் இருக்கிறதா என்று டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு நான் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். எம்.எஸ்ஸி.

புதன்கிழமை அந்த டப்பாவோடுதான் வண்ணார்பேட்டைக்குப் போனேன். வரவேற்பில் இருந்த செவிலியர் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"நீங்கதானா கல்யாணப் பத்திரிகை அனுப்புனது? நல்லாத்தான் அனுப்புனீங்க போங்க! நான் திறக்கப் போனேன், எதுக்கும் போன்ல டாக்டர்ட்ட கேட்டதுக்கு உங்க நம்பரயே பிளாக் பண்ணச் சொல்லிட்டாவ."

ஆக, வாட்ஸ்அப் என் கையில் இருந்து வீடியோவை நான் அனுப்பியிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்காது.

உள்ளே போய், டப்பாவைத் திறந்து, கைபேசியை முடுக்கினேன். அது உயிர்பெற எடுத்துக்கொண்ட நேரத்தில் மகள் மருத்துவரின் மேசையில் இருந்த மூளைப் பொம்மையைப் பிரித்துவிட்டாள். "இத யார் போன்லயும் கம்ப்யூட்டர்லயும் இணைக்க வேண்டாம் டாக்டர், வைரஸ் இருக்கு" என்றேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல இருந்தது.

"எதுக்கு இணைக்கணும்?" என்றார். மருத்துவமனைக் கைபேசியை எடுத்து, என் கைபேசியை மேசையில் நிறுத்தி, ஓடவிடச் சொல்லி, அதற்கு மேலே பிடித்துத் தன் கேமராவால் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். பதினான்கு விநாடியில் முடிந்துவிட்டது. அண்ணாச்சிக்குத் தோன்றாதது, கணினி படித்த தம்பிக்குத் தோன்றாதது, எனக்கும் தோன்றாதது. அண்ணாச்சி சட்டைப் பையிலேயே ஒரு கைபேசி இருந்ததே! எனக்கு வந்த எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

மருத்துவர் அதை மூன்று முறை பார்த்தார். மூன்றாம் முறை நிறுத்தி, மகளின் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினார். "இமை துடிக்கிது, பாருங்க. இதத்தான் பாக்கணும்னு சொன்னேன். இது யோசனை இல்லம்மா. இதுவும் ஒரு வகை வலிப்புதான். கீழ விழுந்து கை கால் வெட்டுறது மட்டும் வலிப்பு இல்ல. மூளையலை டெஸ்ட் ஒண்ணு எடுத்து உறுதி பண்ணிக்கிட்டு மருந்து ஆரம்பிப்போம். இந்த வயசுப் பிள்ளைங்க நிறைய பேருக்கு நல்லாக் கேக்கும்."

வலிப்பு என்ற சொல்லுக்கு நான் மூன்று வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். அது வந்தபோது, யாரோ ஒருவர் கடைசியில் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார் என்பதுதான் முதலில் தோன்றியது. பயம் ஆட்டோவில் திரும்பும்போதுதான் வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் சமாதானபுரத்தில் இறங்கி, "அழிச்சிருங்க அண்ணாச்சி" என்று டப்பாவை நீட்டினேன். புதிதாக்கி, வாட்ஸ்அப்பையும் மீட்டுத் தந்தார். எதையும் கூடுதலாகப் போடவா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு இரண்டு முறை, கேட்டிருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டேன்.

மூளையலைப் பரிசோதனை மருத்துவர் சொன்னதையே சொன்னது. மருந்து ஆரம்பித்த அடுத்த சனிக்கிழமை மருத்துவமனை எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. என் எண்ணின் தடையை நீக்கி அந்த வீடியோவை அனுப்பச் சொல்லி நான்தான் கேட்டிருந்தேன். கணவரும் வீட்டில் இருந்தார்.

"யாரு என்னன்னு பாத்துத் திற" என்றார் அவர்.

"திறக்கவே வேண்டாம்" என்றார் அத்தை. அன்று காலையில்தான் ஏரல்காரி நேரில் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருந்தார். உறையை அவர் கையாலேயே பிரிக்கச் சொல்லி, பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அத்தை வாங்கிக்கொண்டார்.

மருத்துவமனையைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் திறந்தேன். கைபேசிக்குள் ஒரு கைபேசி, அதற்குள் என் மகள், தோசையோடு அந்தரத்தில் நிற்கும் கை, ஆடுகிற படம், "பாப்பா, பாப்பா" என்று என் குரல். ஏழாவது விநாடியில் மேலிருந்து பச்சைக் கேடயம் இறங்கியது. 'உங்கள் கைபேசி பாதுகாப்பாக உள்ளது.' அது சரியாக அவள் நெற்றியிலிருந்து கண்வரை மறைத்துக்கொண்டு நின்றது. மருத்துவரின் விரல் ஒன்று வந்து அதை மேலே தள்ளியது. அதன் பிறகுதான் இமை துடிப்பது தெரிந்தது.

கணவர் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். மகள் எங்கள் நடுவில் தலையை நுழைத்தாள்.

"அம்மா, நீ கூப்பிடுதியே, நான் ஏன் வரல?"

"உனக்குக் கேக்கல, பாப்பா."

"இப்ப கேக்குது" என்றாள்.